நானே டைப் அடித்த மனு

அந்த ஃபைலை ஜன்னல் கம்பியில சொருகாதீங்க தம்பி, வண்டி வேகம் எடுத்தா பேப்பர் பறந்துரும். மடியில வச்சுக்கங்க. குடும்ப கோர்ட்டுக்குப் போயிட்டு வர்றீங்களா? உங்க முகத்தைப் பாத்துச் சொல்லல. அட்டையில எழுதியிருக்கற நம்பரைப் பாத்தேன். இருபத்திரண்டு வருஷமா அந்தக் கோர்ட்டு வாசல்லதான் எனக்குப் பொழப்பு. சோலை ஜாப் டைப்பிங், பாத்திருப்பீங்க. ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவுல, ஒரு ஆள் உள்ள போனா இன்னொரு ஆள் வெளிய வரணும், அம்புட்டு அகலம். சோலைமலைங்கறது நான்தான்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆயிருச்சா? ஆகலைன்னா சாதாரணமா மனு எடுக்க மாட்டாங்க. அதான் கேக்க வந்தீங்க? இல்லையா? அப்ப எந்த ஊர்ல போடறதுன்னு சந்தேகமா இருக்கும். கல்யாணம் நடந்த ஊரு, கடைசியா சேந்து குடியிருந்த ஊரு, எதிர்த்தரப்பு இருக்கற ஊரு. பொம்பளை போடறதா இருந்தா அவங்க இப்ப இருக்கற ஊர்லயே போடலாம். சரி சரி, நீங்க அப்புறம் கேளுங்க. திருமங்கலம் தாண்ட நேரமாகும்.

நான் வக்கீல் இல்ல தம்பி. பத்தாங்கிளாஸ். தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் டைப்பிங் ஹையர். ஆனா வக்கீல்கிட்டக் கேக்கப் பயந்தவங்க எல்லாம் என்கிட்டத்தான் கேப்பாங்க. "ஐயா, அவரு வெளிநாட்டுல இருக்காரு..."ம்பாங்க. மீதியை நான் கேக்கவே மாட்டேன். பதில் தயாரா இருக்கும். "ஐயா, எங்க ரெண்டு பேருக்கும் சம்மதம், ஆனா..."ம்பாங்க. அந்த ஆனாவுக்கு அப்புறம் என்ன வரும்னு எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்துல மனுசங்க கேக்கறது மொத்தமே ஒரு முப்பது கேள்விதான். முகத்தைப் பாத்தா எத்தனையாவது கேள்வின்னு சொல்லிருவேன். அதுல எனக்கு ஒரு பெருமை. கடையில கூட்டம் நிக்கும்போது, ஒரு கையில டைப் அடிச்சுக்கிட்டே, தலையைத் தூக்காம பதில் சொல்லுவேன். பாக்கறவன் அசந்துபோவான்.

நல்லா அசந்தது கடைசியில யாருன்னு சொல்றேன், கேளுங்க.

என் வீட்டுக்காரி பேரு இந்துராணி. சத்துணவு அமைப்பாளரா இருக்கா, ஒரு கார்ப்பரேஷன் ஸ்கூல்ல. இருபத்தாறு வருஷக் கல்யாணம். ஒரே மக, சுடர்மதி, ஓசூர்ல வேலை பாக்குது. எங்களுக்குள்ள சண்டைன்னு ஒண்ணு கிடையாது. நம்புங்க தம்பி. நான் குடிக்க மாட்டேன். கை நீட்ட மாட்டேன். கோர்ட்டு விட்டா வீடு. "உங்களை மாதிரி ஒரு புருஷன் கிடைக்கணுமே"ன்னு மனு அடிக்க வந்த பொம்பளைங்களே சொல்லிருக்காங்க. அதை நான் வீட்டுல வந்து இந்துகிட்டச் சொல்லுவேன். அவ பாட்டுக்குப் பாத்திரம் கழுவிக்கிட்டிருப்பா. அடக்கமான பொம்பளைன்னு நான் நினைச்சுக்குவேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆடி மாசம் இருக்கும். சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். "ஏங்க, ஒரு சந்தேகம்"னா. இருபத்தாறு வருஷத்துல இந்து என்கிட்டச் சட்டத்துல சந்தேகம் கேட்டதே இல்ல. எனக்குச் சோறு எறங்கல, அம்புட்டுச் சந்தோஷம்.

"கேளு, கேளு"ன்னேன்.

"எங்கூட வேலை பாக்கற பாண்டியம்மான்னு ஒருத்தி. அவ புருஷன்கிட்ட இருந்து பிரியணுங்கறா..."

"ரெண்டு பேருக்கும் சம்மதம்னா கல்யாணச் சட்டத்துல பதிமூணு பி பிரிவு. இல்லைன்னா பதிமூணு. சம்மதம்னா ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும், மனு போட்டு ஆறு மாசம் காத்திருக்கணும். அடுத்து என்ன, புள்ளைங்களா?"

"இல்ல, அவ கேக்கறது..."

"நகையா? அது தனி."

இந்து கரண்டியை வச்சுட்டு எழுந்து போயிட்டா. மோர் எடுக்கப் போறான்னு நினைச்சேன்.

மறுநாள் திரும்ப வந்தா. இந்தத் தடவை நான் வாய் நிறையச் சோறு வச்சிருக்கற நேரமாப் பாத்துக் கேட்டா. இப்ப யோசிச்சா அது தெரியுது. "ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே பிரிஞ்சு வாழறதாச் சொல்ல முடியுமாங்க?"

பிரமாதமான கேள்வி தம்பி. என் முப்பதுல அது இல்ல. அவசரமா முழுங்கிட்டு, "முடியும்"னேன். "ஒரே கூரைக்குள்ள இருந்தாலும் புருஷன் பொண்டாட்டியா வாழலைன்னா அது பிரிவுதான்னு கோர்ட்டு சொல்லிருக்கு."

"சோறு ஆக்கிப் போட்டாலுமா?"

"போட்டாலும்."

"சரி"ன்னு என் தட்டுல ரசத்தை ஊத்துனா.

இப்படியே ஒரு மாசம் ஓடுச்சு. தினம் ஒரு கேள்வி. பொம்பளை மனு போட்டா புருஷன் எத்தனை நாள் இழுத்தடிக்கலாம், அவன் கோர்ட்டுக்கு வரலைன்னா என்ன ஆகும், வேலைக்குப் போற பொம்பளைக்குச் சட்டம் என்ன சொல்லுது. நான் கோர்ட்டுல இருந்து வீட்டுக்கு ஓட்டமா ஓடுவேன். டீக்கடையில எல்லார்கிட்டயும் சொல்லிருக்கேன், "எங்க வீட்டுல இப்பத்தான்யா பேச்சு வார்த்தை களைகட்டுது"ன்னு. முகம் தெரியாத அந்தப் பாண்டியம்மாவுக்கு நான் மனசுக்குள்ள நன்றி சொன்னேன். அவ புருஷனைத் தினம் ஒரு தடவை திட்டுவேன். "இப்படி ஒரு பொம்பளையைக் கேள்வி கேக்க வச்சுட்டானே பாவி"ன்னு.

ஒரு ஞாயித்துக்கிழமை, "பாண்டியம்மாவுக்கு மனு எழுதித் தர்றீங்களா?"ன்னு கேட்டா. "பேரு, விலாசமெல்லாம் வக்கீல் பாத்துப் போட்டுக்குவாங்களாம். நடந்ததை மட்டும் நீங்க அடிச்சுக் குடுங்க. உங்களை மாதிரி யாருக்கு வரும்?"

உங்களை மாதிரி யாருக்கு வரும்! விழுந்துட்டேன் தம்பி. கடையைத் திறந்தேன். ஞாயித்துக்கிழமை! இந்துவை எதுத்தாப்புல ஸ்டூல்ல உக்கார வச்சேன். அவ அந்தக் கடைக்குள்ள வந்ததே அதுதான் ரெண்டாவது தடவை. மொதத் தடவை திறப்பு விழாவுக்கு வந்தது.

"ம், சொல்லு. அந்த ஆளு அடிப்பானா?"

"மாட்டாரு."

"குடி? வேற பொம்பளை?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப என்னதான் பண்ணுவான்?"

இந்து கொஞ்சம் யோசிச்சா. "அவ பேச ஆரம்பிச்சா அவரு பதில் சொல்லிருவாராம். முழுசாப் பேசவே..."

"இது கோர்ட்டுல நிக்காது"ன்னேன். "வேற சொல்லு, வலுவா. கொடுமைன்னா கை நீட்டுறது மட்டும் இல்ல, மனசைச் சாகடிக்கறதும் கொடுமைதான். ஏதாவது சம்பவம் இருக்கா? ஒரே ஒரு சம்பவம் போதும், நான் கட்டிருவேன்."

அவ என் முகத்தைப் பாக்கல. கீபோர்டைப் பாத்துக்கிட்டே சொன்னா. வீட்டுல ஒரு சாவு. பகல்ல. பாண்டியம்மா மட்டும் தனியா இருக்கா. புருஷனுக்குப் போன் போடுறா. "ஏங்க, அம்மா..."ங்கறா. அந்த ஆளு, "மாத்திரை பிரிட்ஜு மேல டப்பாவுல இருக்கு, ஒண்ணு குடு, நான் வேலையா இருக்கேன்"னு சொல்லிட்டுப் போனை வச்சுட்டான். அவ அந்தப் பொணத்துக்குப் பக்கத்துல முக்கா மணி நேரம் தனியா உக்காந்திருக்கா. திரும்பப் போன் போடல. போட்டா மறுபடி மாத்திரை எங்க இருக்குன்னுதான் சொல்லுவாருன்னு.

எனக்கு டைப் அடிக்கற விரல் நின்னுருச்சு. "அடப்பாவி! மனுசனா அவன்?"னேன்.

இந்து நிமிந்து பாத்தா. "மனுசன்தாங்க"ன்னா.

ரத்தம் கொதிச்சது தம்பி. அந்த ஏழாவது பத்தியை நான் அடிச்ச மாதிரி என் வாழ்க்கையில எந்தப் பத்தியையும் அடிச்சதில்ல. "எதிர்மனுதாரரின் மேற்படி செய்கையால் மனுதாரர் சொல்லொணா மன வேதனைக்கு ஆளாகி, உற்றார் யாருமின்றி இறந்தவரின் உடலோடு தனித்திருந்தார்." மேற்கொண்டு நானே ரெண்டு வரி சேத்தேன், அந்த ஆளைப் பத்தி. இதைப் படிச்சா எந்த ஜட்ஜும் கண்ணு கலங்காம இருக்க மாட்டாருன்னு இந்துகிட்டச் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே கலங்கியிருந்துச்சு. பாண்டியம்மா மேல இம்புட்டுப் பாசமான்னு நினைச்சேன்.

நீங்க சிரிக்கலாம். நானே சிரிக்கறேன். உங்களுக்கு எந்த இடத்துல தெரிஞ்சுச்சு? ஆடி மாசத்துலயே தெரிஞ்சிருக்கும். எனக்கு ஐப்பசி ஆச்சு.

ஐப்பசியில ஒரு நாள், இந்து தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு ரெண்டு பையோட திருமங்கலம் போனா. தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல போலன்னு நினைச்சேன். கேக்கல. நாலாம் நாளு கோர்ட்டுல இருந்து சம்மன் கொண்டுபோற ஆளு கடைக்கு வந்தாரு. தெரிஞ்ச ஆளு, தினம் டீ குடிக்கற ஆளு. ஒரு கவரை நீட்டிட்டு, "அண்ணே, கையெழுத்துப் போடுங்க"ன்னாரு. முகம் ஒரு மாதிரி இருந்துச்சு. "யாருக்கு?"ன்னேன். "உங்களுக்குத்தாண்ணே"ன்னாரு.

பிரிச்சேன். மனுதாரர், இந்துராணி. எதிர்மனுதாரர், சோலைமலை. ஏதோ தப்பா வந்திருக்குன்னு பக்கத்தைப் புரட்டுனேன். ஏழாவது பத்தி. நான் அடிச்ச பத்தி. சொல்லொணா மன வேதனை.

பாண்டியம்மான்னு ஒருத்தி இல்லவே இல்ல தம்பி.

எனக்கு அந்த நிமிஷம் என்ன தோணுச்சுன்னு சொன்னா வெக்கக்கேடு. சொல்லிர்றேன். "மனு என்னமா வந்திருக்கு"ன்னு தோணுச்சு. அதுக்கப்புறந்தான் என் மாமியா செத்த நாள் மண்டைக்குள்ள வந்துச்சு. நாலு வருஷம் முந்தி. எங்க வீட்டுலதான் இருந்தாங்க. பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். பறந்துபோனேன். ஐஸ் பெட்டியில இருந்து சுடுகாடு வரைக்கும் ஒரு குறை இல்லாம நடத்துனேன். அந்தச் சாவுன்னாலே எனக்கு நியாபகம் வர்றது, நான் எம்புட்டு நல்லா எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணேங்கறதுதான். அவ போன் பண்ணது? இன்னைக்கு வரைக்கும் நியாபகம் இல்ல. எம்புட்டோ யோசிச்சுப் பாத்துட்டேன். நான் அதைக் கேட்டிருந்தாத்தானே நியாபகம் இருக்கும்.

கடைக்கு வர்ற வக்கீல் முத்துவேலு, சின்னப் பையன், எனக்காகத் துடிச்சான். "அண்ணே, பதிலுரையை ஆறு மாசம் கழிச்சுப் போடுவோம். அப்புறம் வாய்தா. நாலு வருஷம் இழுத்துரலாம். அக்கா அலுத்துப்போய் வீட்டுக்கு வந்துருவாங்க"ன்னான். அந்த வித்தையெல்லாம் அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். நானும் அந்த நினைப்புலதான் இருந்தேன். மக ஓசூர்ல இருந்து போன் போட்டு, "அப்பா, அம்மா ரொம்ப நாளா..."ன்னு ஆரம்பிச்சுச்சு. "எனக்குத் தெரியும்மா"ன்னு சொல்லிட்டேன். என்ன தெரியும் எனக்கு?

மொத வாய்தா அன்னைக்கே கவுன்சிலிங்குக்கு அனுப்பிட்டாங்க. எஸ்தர்னு ஒரு மேடம். இந்து ஒரு நாற்காலி, நான் ஒரு நாற்காலி. அந்தம்மா என்னைப் பாத்து, "உங்க மனைவி ஏன் இந்த முடிவுக்கு வந்தாங்கன்னு நினைக்கறீங்க சார்?"னு கேட்டாங்க. நான் பதிமூணாவது பிரிவுல ஆரம்பிச்சேன்.

"பிரிவு வேணாம் சார். சரி, அவங்களே சொல்லட்டும்"னாங்க.

இந்து பேச ஆரம்பிச்சா. அந்தம்மா ஒரு துண்டுத்தாள்ல பேனாவால கோடு போட்டுக்கிட்டே இருந்தாங்க. குறிப்பு எடுக்கறாங்கன்னு நினைச்சேன். பத்து நிமிஷம் கழிச்சு அந்தத் தாளை என் பக்கம் திருப்புனாங்க. பதினோரு கோடு.

"இது என்ன மேடம்?"னேன்.

"உங்க மனைவி பேசும்போது நீங்க குறுக்க விழுந்தது. இப்பக் கேட்டீங்களே, அது சேக்காம."

இந்துவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. வாயைப் பொத்திக்கிட்டா. நானும் சிரிச்சேன். அந்தம்மா சிரிக்கல. "சார், இனி அவங்களா 'முடிஞ்சுது'ன்னு சொல்ற வரைக்கும் நீங்க பேசக் கூடாது"ன்னாங்க.

நாப்பது நிமிஷம் தம்பி. கடிகாரம் எனக்கு நேரா மாட்டியிருந்துச்சு. மொத பத்து நிமிஷம், ஒவ்வொரு வரிக்கும் என்கிட்ட ஒரு பதில் இருக்கு, தொண்டையில வந்து முட்டுது. நாற்காலியோட கையைப் பிடிச்சுக்கிட்டேன். அப்புறம் எப்பன்னு தெரியல, பதில் வர்றது நின்னுருச்சு. அவ சொல்றது மட்டும் கேட்டுச்சு.

எல்லாத்தையும் சொன்னா. ஸ்கூல்ல அவளுக்குப் பாராட்டுப் பத்திரம் குடுத்தது. அதை என்கிட்டக் காட்ட மூணு நாளு கையில வச்சுக்கிட்டே சுத்துனது. மகளைப் பெத்த ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரிக்கு நான் ஜீவனாம்சம் பத்தி விளக்கம் சொல்லிக்கிட்டிருந்தது. எனக்கு அது நல்ல காரியமாத்தான் நியாபகம் இருந்துச்சு. கடைசியா அந்தம்மாவைப் பாத்துச் சொன்னா, "எனக்கு அவரு மேல கோவம் இல்ல மேடம். கெட்டவரும் இல்ல. இருபத்தாறு வருஷமா ஒரு பேச்சையும் முடிக்காம வச்சிருக்கேன். எனக்கு நெஞ்சு அடைக்குது. முடிஞ்சுது."

என்னைப் பேசச் சொன்னாங்க. முத்துவேலு எழுதிக் குடுத்த வாய்தா மனு சட்டைப் பையில இருந்துச்சு. அதை எடுக்கல. "சம்மதம்"னேன். "அந்த மனு வேணாம் மேடம், வாபஸ் வாங்கிட்டு ரெண்டு பேரும் சேந்து போடுவோம். அவ யாருக்கும் எதையும் நிரூபிச்சுக்கிட்டு நிக்க வேணாம்."

இந்து அப்பத்தான் என் முகத்தைப் பாத்தா. என்ன நினைச்சாளோ. நான் அதுக்குப் பதில் கண்டுபிடிக்கப் பாக்கல, அம்புட்டாவது தேறியிருந்தேன்.

ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்தீங்களான்னு கோர்ட்டுல கேட்டாங்க. "ஒரே வீட்டுல அஞ்சாறு வருஷமாப் பிரிஞ்சுதாங்கம்மா இருந்தோம்"னு சொன்னது யாருன்னு நினைக்கறீங்க? நான்தான். அந்த ஆறு மாசக் காத்திருப்பு இருக்கே, அதுல நான் ஒரு கோமாளித்தனம் பண்ணேன். இந்துவுக்குப் போன் போட்டு, அவ பேசட்டும்னு நான் பேசாம இருப்பேன். அவ "ஹலோ... ஹலோ... கேக்குதா?"ம்பா. நான் வாயைத் திறக்க மாட்டேன். சிக்னல் இல்லன்னு வச்சுருவா. இப்படி நாலு தடவை. அஞ்சாவது தடவை, "ஏங்க, மூச்சு விடற சத்தம் கேக்குது. உடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னா. "காதைத் தீட்டி வச்சுக்கிட்டிருக்கேன்"னேன். "காதைத் தீட்டறவரு 'ம்'னாவது சொல்லணும்"னு சொல்லிட்டு வச்சுட்டா. கேக்கறதுக்கும் ஒரு படிப்பு இருக்கு தம்பி. அதுல நான் ஒண்ணாங்கிளாஸ்.

அடுத்த ஆடியில முடிஞ்சுது. ஜட்ஜம்மா ரெண்டு பேரையும் தனித்தனியாக் கேட்டாங்க, யாரும் வற்புறுத்தலையேன்னு. ரெண்டு பேரும் இல்லைன்னோம். அஞ்சு நிமிஷம். இருபத்தாறு வருஷத்துக்கு அஞ்சு நிமிஷம். கீழ இறங்கி வந்தோம். என் கால் பழக்கத்துல கடைப் பக்கம் திரும்புது, அவ தீர்ப்பு நகலுக்கு மனு எழுத பெஞ்சுல உக்காந்தா. "நான் வாங்கித் தந்துர்றேன்"னேன். "வேணாங்க, நானே எழுதறேன்"னா. சரின்னு பக்கத்துல நின்னேன்.

எழுதுனா. வழக்கு எண் போடற இடத்துல வாபஸ் வாங்குன பழைய மனு நம்பரைப் போட்டா. எனக்குத் தெரியுது தப்புன்னு. நுனி நாக்கு வரைக்கும் வந்துருச்சு. பதினோரு கோடு கண்ணு முன்னால வந்துச்சு. வாயை இறுக்க மூடிக்கிட்டேன். அவ கையெழுத்துப் போட்டு, பெட்டியில போட்டுட்டு, "வர்றேங்க"ன்னு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோனா. எனக்கு என் மேலயே மரியாதை வந்துருச்சு. இவன் திருந்திட்டான்யான்னு.

பத்து நாள் கழிச்சு போன். கடையில நாலு பேரு நிக்கறாங்க. "ஏங்க, நம்பர் தப்புன்னு மனுவைத் திருப்பிட்டாங்க. லீவு போட்டுட்டு வந்து அலைஞ்சிட்டுப் போறேன். நான் எழுதும்போது நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன்."

"தப்புன்னு தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு."

"பின்ன ஏங்க சொல்லல?"

என்கிட்டப் பதில் இல்ல தம்பி. முப்பது கேள்விக்கும் பதில் வச்சிருக்கறவன், தேடிப் பாக்கறேன், ஒண்ணும் இல்ல. "தெரியலம்மா"ன்னேன்.

கோவமாயிட்டாளோன்னு பாத்தா, சிரிக்கறா. மூச்சு வாங்கச் சிரிக்கறா. நம்பர் எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டா. சரி, வச்சுருவான்னு நினைச்சேன். வைக்கல. "ஏங்க, நேரம் இருக்கா?"ன்னா. கடையில நின்ன நாலு பேரையும் டீ குடிச்சுட்டு வாங்கன்னு கையைக் காட்டுனேன். அவ பேச ஆரம்பிச்சா. நான் நடுநடுவுல 'ம்' போட்டேன், அவ சொல்லிக் குடுத்த மாதிரியே. ஒரு மணி நேரம் இருக்கும். டீ குடிக்கப் போனவங்க திரும்பி வந்து, பாத்துட்டு, வேற கடைக்குப் போயிட்டாங்க.

என்ன பேசுனான்னு கேக்கறீங்களா? அதை மட்டும் சொல்ல மாட்டேன் தம்பி. அது அவ என்கிட்டச் சொன்னது.